பழனிக்குப் போன பிராங்குப் பிரபு

என் வீட்டுக்காரர் ஒரு புதன்கிழமை பிற்பகல் திருச்சி தில்லைநகரில் செத்துப்போனார். செத்து, சற்று நேரத்தில் கண் விழித்து, தலைமாட்டில் நின்றிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கெர்லிந்தா எங்க?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருப்பவள் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எல்லாம் எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு என் மகள் தேன்மொழியும் மாப்பிள்ளையும் கொடுத்த பரிசால் வந்த வினை. சங்கிலி, மோதிரம் என்று கொடுத்திருந்தால் வாங்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருப்போம். அவர்கள் பெங்களூரில் இருப்பவர்கள் அல்லவா, புதுசாக ஏதாவது செய்ய வேண்டும். தில்லைநகரில் 'இன்னொரு ஜென்மம்' என்று ஒரு நிலையம் திறந்திருந்தார்கள். செத்துப்போன ஒருவருடைய வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து சாவு வரைக்கும் நாம் வாழ்ந்து பார்க்கலாம். சாய்வு நாற்காலியில் படுத்துத் தலையில் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டால், மதியம் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் ஒரு முழு ஆயுள் முடிந்துவிடும். அதற்கு அப்பாவைக் கூட்டிப்போகச் சொல்லி தேன்மொழி ஏற்பாடு செய்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் பெயர் தண்டபாணி. உறையூரில் கல்யாணத்துக்குப் பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு விட்டு, சமையலும் எடுத்துச் செய்யும் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஒரே ஆசை, சோழ ராஜாவாக வாழ்ந்து பார்க்க வேண்டும். அங்கே எங்களுக்கு விளக்கம் சொன்ன பெண் பெனிட்டா உதட்டைப் பிதுக்கினாள்.

"முடியாது சார். இதுக்கு எலும்பு வேணும். நம்ம ராஜாக்களை எல்லாம் எரிச்சு, சாம்பலை ஆத்துல விட்டுட்டாங்க. புதைச்ச ஊர்க்காரங்கதான் எங்ககிட்ட இருக்காங்க."

பிறகு என்னதான் இருக்கிறது என்று கேட்டதற்கு, எகிப்துக்கு ஏகப்பட்ட பேர் காத்திருக்கிறார்கள், பிராங்குகள் என்றால் உடனே கிடைக்கும் என்றாள். பிரான்ஸ், ஜெர்மனி என்றெல்லாம் நாடுகள் பிரிவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஆண்ட கூட்டமாம். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பிரபு கைவசம் இருப்பதாகச் சொன்னாள். ராஜா இல்லையா என்று இவர் முகம் சுண்டியது. ராஜாவுக்கு அடுத்தபடி, நம் ஊர்க் கலெக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆளைத் தூக்கில் போடவும் அதிகாரம் உண்டு என்றாள் பெனிட்டா. அந்தக் கடைசி விஷயம் இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிரபுவின் பெயர் குண்டுல்ஃப் என்றதும் நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒட்டடைக்குச்சி உடம்பு.

"இதுல மூணு விஷயம் சேருது சார்," என்று பெனிட்டா பொறுமையாக ஆரம்பித்தாள். "ஒண்ணு எலும்பு. அவர் என்ன சாப்பிட்டார், எங்க அடிபட்டார், எவ்வளவு குளிர்ல கிடந்தார், உடம்பு பட்டதெல்லாம் அதுல பதிஞ்சிருக்கும். ரெண்டாவது, அந்தக் காலத்துப் பழக்கவழக்கம். அதைப் படிச்சவங்க எங்களுக்குச் சொல்லி, நாங்க மெஷின்ல ஏத்தியிருக்கோம். மூணாவது..."

"குதிரை உண்டுல்ல?" என்றார் இவர்.

"உண்டு சார்."

"அப்பப் போடுங்க."

மூன்றாவது என்ன என்பதை அவள் சொல்லவேயில்லை. பிறத்தியார் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க விடுகிற வழக்கம் இவருக்குக் கிடையாது. இத்தனை வருஷமாக அதை அனுபவித்தவள் நான் என்பதால் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்படித்தான் குண்டுல்ஃப் எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்டபாணி எங்கும் போய்விடவில்லை, கடை, வீடு, வருமான வரி எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் தலைக்குள் பாதி இடத்தில் இன்னொரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சில மாதத்தில் காலைக் கனவு மாதிரி தானே மங்கிவிடும், அதுவரை கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்றாள் பெனிட்டா. நான் அனுசரிக்காத நாள் எது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

முதல் நாளே இட்லியைக் கத்தியில் குத்திச் சாப்பிட்டார். கோழிக்குழம்பு வைத்த அன்று எலும்பைக் கடித்துவிட்டுத் தோளுக்குப் பின்னால் எறிந்தார். அங்கே வேட்டை நாய்கள் கிடக்குமாம். எங்கள் வீட்டில் பின்னால் கிடந்தது புதுச் சோபா. காட்டுப்பன்றி கிழித்தது என்று இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டுச் சப்பென்று இருக்கிறது என்பார். இவருக்குப் பிரஷர் வந்த நாளிலிருந்து டாக்டர் சொன்னபடி எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அரை உப்புதான், அது பிரபுவுக்குத் தெரியுமா என்ன.

பங்குனி பிறந்ததும் கடை ஆட்கள் அத்தனை பேரையும் குடோன் வாசலில் வரிசையாக நிற்க வைத்தார். பிராங்கு நாட்டில் வருஷா வருஷம் வசந்தம் வந்தால் மன்னர் எல்லாப் பிரபுக்களையும் ஆளோடும் ஆயுதத்தோடும் வரச்சொல்லிப் பார்வையிடுவாராம். எங்கள் ஆட்கள் கரண்டி, அண்டா, பந்தல் கால் சகிதம் நின்றார்கள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்தபடி நொண்டிக்கொண்டே போனார். பாதிக் கரண்டிக்குக் காம்பு ஆடுவதும், ஜமக்காளத்தை எலி கடித்திருப்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. முகூர்த்த சீசனுக்கு முன்னால் கடை இவ்வளவு ஒழுங்காக இருந்ததே இல்லை என்று ஆட்களே சொன்னார்கள்.

பெரிய அண்டா ஒன்று காணாமல் போனபோதுதான் வம்பு வந்தது. வண்டி ஓட்டும் அருள் மேல் எல்லோருக்கும் சந்தேகம். கேமராவைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். அதெல்லாம் கூடாது, அருள் பன்னிரண்டு பேரைக் கூட்டிவந்து சத்தியம் செய்தால் போதும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேரும் அண்டாவைப் பார்த்தவர்களா என்று கேட்டேன்.

"பாத்தவன் எதுக்கு? இவன் சொன்னா சரியா இருக்கும்னு சத்தியம் பண்ண ஆள் இருக்கா, அதான் கேள்வி. கேமராவுக்கு மானமா மரியாதையா?"

அருள் அரியமங்கலத்திலிருந்து சித்தப்பா, பெரியப்பா, பங்காளி என்று பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றி வந்துவிட்டான். அத்தனை பேருக்கும் நான்தான் காப்பி போட்டேன். சத்தியமெல்லாம் முடிந்து அவர்கள் கிளம்பும்போது லால்குடியிலிருந்து போன் வந்தது, கல்யாண வீட்டிலேயே அண்டாவை மறந்து விட்டுவிட்டார்களாம். பார்த்தாயா என்று என்னைப் பார்த்தார். அருள் அன்றிலிருந்து இவருக்காக உயிரையே கொடுப்பவன் ஆகிவிட்டான்.

மாடிக்குக் குடிவந்த வங்கிக்காரர் ஒப்பந்தம் எழுதக் கேட்டதற்கு, என் ரோஜாத் தொட்டியிலிருந்து வேரோடு ஒரு பிடி மண்ணை அள்ளி, முருங்கையில் ஒரு குச்சியை ஒடித்து, இரண்டையும் அவர் கையில் வைத்து, இனி மாடி உங்களுடையது என்று சொல்லிவிட்டார். அவர்கள் வழக்கத்தில் மண்ணும் குச்சியும் கை மாறினால் இடம் கை மாறிவிட்டதாம். எழுதுவதெல்லாம் சாமியார்கள் வேலையாம். அந்த மனிதர் மண்ணைக் கீழே போடவும் தயங்கி, வைத்துக்கொள்ளவும் தெரியாமல் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். அவரைச் சமாதானம் செய்து பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ரோஜாவும் பட்டுப்போயிற்று.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கெர்லிந்தாவைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிரபுவின் பெண்டாட்டி அவள். பெரிய மரக்கூடமாம். நடுவில் நெருப்பு, மேலே புகை போக ஒரு ஓட்டை. அந்தப் பக்கம் கெர்லிந்தா உட்கார்ந்திருப்பாளாம். புகைக்கு நடுவில் அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்குமாம். இவர் போருக்குப் போய்விட்டு வந்தால் எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டாளாம், காலைக் கழுவிட்டு உள்ளே வா என்பாளாம். சரி, என்ன பெரிய அழகியா என்று கேட்டேன்.

"அழகின்னு சொல்ல முடியாது," என்றார் யோசித்துக்கொண்டே. "கஞ்சில உப்பை அள்ளிப் போடுவா. ஒரு நாள்கூட அளவா போட்டதில்ல. சாவியை எங்கேயாவது தானியப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு அவளே தேடுவா. நான் முக்கியமா ஏதாவது பேசிட்டிருக்கும்போது தூங்கிப்போயிடுவா. கோவம் வந்தா வாயைத் திறக்கமாட்டா, சட்டி பானைதான் பேசும்."

"இப்படி ஒருத்திக்கா இந்த அழுகை?"

"அவ போனப்புறம் எதுவும் ருசிக்கல மரகதம்," என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செத்து ஆயிரத்து இருநூறு வருஷம் ஆனவள் மேல் பொறாமைப்படுவது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பட்டேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இந்த மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. குழம்புச் சட்டியை ணங்கென்று வைத்துவிட்டு, அரிசி டிரம்மிலிருந்து குடோன் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

இப்போது என் மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளங்குமரன், தேன்மொழிக்குத் தம்பி. அப்பன் பெயரும் பிள்ளை பெயரும் ஒரே சாமியுடையது, பிடிவாதமும் அப்படியே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையைப் புதுசாக நடத்தலாம், பஃபே வைக்கலாம், மேடை அலங்காரம் செய்யலாம் என்றான். இவர் வாக்கியத்தை முடிக்க விடவில்லை. அவன் தனியாகப் போய்த் தொழில் ஆரம்பித்தான். போகும்போது எங்கள் தலைமைச் சமையல்காரரும் கூடப் போய்விட்டார். அடுத்த மாதமே, இவர் வருஷக்கணக்காகப் பந்தல் போட்டுவந்த கல்யாண மண்டபமும் அவனிடம் போயிற்று. கடை ஆட்கள் எல்லோர் முன்னாலும் இவர், இனி என் வாசப்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அவனும் மிதிக்கவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு நான் என் பிள்ளையைக் காய்கறிச் சந்தையில் பார்த்துப் பேசிவந்தேன்.

சித்திரையில் தேன்மொழியின் குழந்தை அகிலனுக்குப் பழனியில் முதல் மொட்டை என்று முடிவாயிற்று. போனில் தேன்மொழி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் மொட்டை. தம்பி வரலைன்னா நாங்களும் வரலம்மா, அப்பாகிட்ட சொல்லிடு."

அவள் சொன்னது நியாயம். எனக்கு வேறு பயமும் இருந்தது. இதற்கும் கூப்பிடாவிட்டால் இனி எதற்கும் அவன் வரமாட்டான், இந்த வீட்டில் எது நடந்தாலும் அவன் வெளியில்தான் நிற்பான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் மெல்லப் பேச்சை எடுத்தேன். மொட்டை என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் கையிலிருந்த கத்தி தட்டில் விழுந்தது.

"மொட்டையா? குழந்தைக்கா? அது என்ன தப்பு பண்ணுச்சு?"

அன்றைக்குத்தான் ஹூகோவைப் பற்றிச் சொன்னார். ஹூகோ குண்டுல்ஃபின் ஒரே மகன். அப்பாவோடு முரண்டு பண்ணிக்கொண்டு, நல்ல குதிரைகளையும் நல்ல ஆட்களையும் ஓட்டிக்கொண்டு பக்கத்துப் பிரபுவிடம் போய்ச் சேர்ந்துவிட்டான். மன்னர் பிடித்துத் தலையை வாங்கச் சொன்னார். குண்டுல்ஃப் காலில் விழுந்து கெஞ்சியதில், தலைக்குப் பதிலாகத் தலைமுடி போயிற்று. அந்த நாட்டில் பெரிய இடத்துப் பிள்ளையைப் பிடித்து மொட்டை அடித்தால் அத்தோடு அவன் கதை முடிந்தது. வாள் கிடையாது, நிலம் கிடையாது, மடத்துக்குள் போய்ச் சாமியாராக உட்கார வேண்டியதுதான். மடம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. தினமும் காலையில் அதன் மணிச்சத்தம் கூடத்துக்குக் கேட்குமாம்.

"படகுல ஏறினா அரை நாள்ல போயிருக்கலாம். போகல," என்றார்.

"ஏங்க?"

"அவன் முதல்ல வரட்டும்னு."

"உள்ள வச்சுப் பூட்டிட்டா அவன் எப்படிங்க வருவான்?"

கடைசியில் படுக்கையில் கிடந்தபோது மணி அடித்ததாம். அடிக்கிறது ஹூகோ என்று நினைத்துக்கொண்டே செத்தாராம். சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று, அப்படியென்றால் நம் பையனைக் கூப்பிடுங்கள் என்றேன். இவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அது வேற, இது வேற. இவன் மண்டபத்தையே கொண்டு போயிட்டான்."

ஒரு முழு ஆயுளும் ஏங்கி, ஏங்கியபடியே செத்துப்போன மனுஷன், முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே தப்பை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அந்தக் கவசத்தாலேயே தலையில் ஒன்று போடலாமா என்று இருந்தது எனக்கு. மறுநாள் நானே இளங்குமரனுக்குப் போன் செய்தேன். அப்பா கூப்பிட்டாரா என்றுதான் அவனும் முதலில் கேட்டான். கூப்பிட்டார் என்றேன். அவர் வாயாலேயா என்றான். பின்னே என் வாயாலா என்றேன்.

பழனியில் விடியற்காலையிலேயே முடி காணிக்கை மண்டபம் நிரம்பியிருந்தது. வாசலுக்கு வந்ததும் இவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கண்ணுக்கு எட்டியவரை மொட்டைத் தலைகள். சந்தனம் பூசிய ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள்.

"இத்தனை பேரா," என்றார் மெல்லிய குரலில். "என்ன போர் மரகதம் இது? யார்கிட்ட தோத்தாங்க?"

"போரும் இல்ல ஒண்ணும் இல்ல. வாங்க."

"தோத்தவங்க ஏன் சிரிக்கிறாங்க?"

"வேண்டிக்கிட்டு வந்து அவங்களே குடுக்கறாங்க. நீங்களும்தான் குடுத்திருக்கீங்க. நம்ம தேன்மொழி பொறந்தப்ப மறந்துபோச்சா?"

"அவங்களாவே குடுக்கறாங்களா," என்று இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டார். இவருக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் குண்டுல்ஃபுக்கு அது புதுசு. முடியைப் பிடுங்குவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார், கொடுப்பதைப் பார்த்ததில்லை.

நான் திட்டமிட்டபடி தேன்மொழி குழந்தையோடு முன்னாலேயே உள்ளே போயிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இளங்குமரன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அகிலனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான். எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால் இவர் அவனைக் கவனிக்கவில்லை. மொட்டை போடுகிறவர் குழந்தையின் தலையை நனைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். என் பக்கத்திலிருந்து இவர் பாய்ந்து, நொண்டிக் காலோடு ஓடி, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துப்பா. இது பச்சைக் குழந்தை. இது யாரையும் எதிர்த்துக் கிளம்பல."

வரிசையில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். பெரியவரே, உங்கள் முறை வரும்போது வாங்க என்றார் மொட்டை போடுகிறவர். இவர் கையை விடவில்லை. ஒரு குழந்தையின் முதல் முடியை யார் வெட்டுகிறானோ அவன் அந்தக் குழந்தைக்கு இன்னொரு தகப்பன், உனக்குச் சம்மதமா, யோசித்துச் சொல் என்றார். அதுவும் அந்த ஊர் வழக்கமாம்.

"விடிஞ்சதுலேருந்து எத்தனை பிள்ளைக்கு அடிச்சிருக்கேன். அத்தனை பேருக்கும் நான் அப்பன்னா வீட்டுல என்னைச் சேர்த்துக்குவாங்களா சாமி?"

இந்த அமளியில் அகிலன் வீறிட்டு அழ ஆரம்பித்தான். அவனைச் சமாதானப்படுத்தக் குனிந்தவர் அப்போதுதான் மடிக்குச் சொந்தக்காரனைப் பார்த்தார். அவனும் பார்த்தான். குழந்தை மடியில் இருந்ததால் எழுந்திருக்க முடியாமல், "வாங்கப்பா," என்றான்.

"உன்னை யார் கூப்பிட்டா?"

இளங்குமரன் என்னைப் பார்த்தான். நான் மொட்டை போடுகிறவரைப் பார்த்தேன். அவர் யாரைப் பார்ப்பார் பாவம், கத்தியைத் துடைத்தார். இளங்குமரனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முகம் இறுகிப்போயிற்று. குழந்தையைத் தூக்கி தேன்மொழியிடம் நீட்டி, "நான் கிளம்பறேன்க்கா," என்றான். இப்போது இவன் எழுந்தால் எழுந்ததுதான்.

இவர் அவன் தோளில் கையை வைத்து அழுத்தினார். "உக்காரு," என்றார். பிறகு ஈரத்தரையில், வெட்டிக் கிடந்த முடிக்கு நடுவில், வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் தானும் உட்கார்ந்தார்.

"முதல்ல எனக்குப் போடு. மீசையும் சேர்த்து."

வேண்டுதலா என்று கேட்டார் மொட்டை போடுகிறவர். ஆமாம் என்றார். சுற்றி நின்றவர்களுக்கு அது இன்னொரு மொட்டை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் புரிந்தது. மகனுக்கு எது நடந்ததற்காகக் குண்டுல்ஃப் சாகும்வரை அழுதாரோ, அதைத் தன் தலைக்கே செய்துகொள்கிறார். வாளையும் நிலத்தையும் அவராகவே கீழே வைக்கிறார். அந்த மீசைக்கு இவர் வாரா வாரம் செய்த சிங்காரம் எனக்குத்தான் தெரியும். அது விழுந்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த மகனைப் பார்த்தார்.

"ஆறு ஒண்ணும் அவ்வளவு அகலமில்லடா."

"எந்த ஆறுப்பா?" என்றான் இளங்குமரன்.

"நீ சும்மா இரு," என்று அழுதுகொண்டே அதட்டினாள் தேன்மொழி.

அகிலனுக்கு மாமன் மடியிலேயே மொட்டை நடந்தது. இந்தத் தடவை அவன் அழவேயில்லை, தாத்தாவின் புதுத் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் இவர் சுவரோரமாகக் குனிந்து, புல்லோடு ஒரு பிடி மண்ணைப் பெயர்த்தார். வேப்பமரத்தில் ஒரு குச்சியை ஒடித்தார். இரண்டையும் இளங்குமரன் கையில் வைத்து அழுத்தினார்.

"என்னப்பா இது?"

"கடை," என்றார்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் முகத்தையும் அக்கா முகத்தையும் பார்த்துவிட்டு, அது கீழே போடக்கூடாத பொருள் என்பதைப் புரிந்துகொண்டான். மலையேறி முடிகிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தான். மேலே வரிசையில் ஒரு காவலர், கையில் என்ன சார், மண்ணா என்று கேட்டார். எங்க கடைங்க என்றான்.

சன்னதியில் அன்று ஆண்டிக் கோலம். மொட்டைத் தலை, கோவணம், கையில் தண்டம். இவர் வெகுநேரம் கும்பிட்டபடி நின்றுவிட்டு என் காதருகே குனிந்தார்.

"இவரும் அப்பாகிட்ட கோவிச்சுக்கிட்டு வந்தவர்தானே? கூப்பிட அவங்க அப்பா வந்தாரா?"

"வந்தாருங்க."

"மலை ஏறியா?"

"ஏறித்தான்."

சரி என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் நான் மட்டும் தில்லைநகருக்குப் போனேன். பெனிட்டாவுக்கு நன்றி சொல்ல வேண்டும், கூடவே ஒரு வேண்டுகோளும் இருந்தது. பிரபு இருந்துவிட்டுப் போகட்டும், அந்தக் கெர்லிந்தாவை மட்டும் அழிக்க முடியுமா என்று கேட்டேன். அவள் எப்படி இருப்பாள் என்று சார் சொன்னாரா எனக் கேட்டாள் பெனிட்டா. உப்பு, சாவி, தூக்கம், சட்டி பானை எல்லாவற்றையும் சொன்னேன். பெனிட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு மூணாவது ஒண்ணு சொல்ல வந்தேன், சார் விடலை. எலும்புக்கு ஆளுங்களைத் தெரியாதும்மா. குளிரும் பசியும் தெரியும். அந்தப் பிரபுவுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னே யாருக்கும் தெரியாது. பொண்டாட்டி, பிள்ளை, எதிரின்னு ஆள் தேவைப்படுற இடத்துக்கெல்லாம் மெஷின் படுத்திருக்கிறவங்க மனசுலேருந்துதான் எடுத்துக்கும். பேர் மட்டும் நாங்க வைக்கிறது."

"அப்ப அந்தப் பையன்?"

"அவரும் அப்படித்தாம்மா."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு அக்கரை மணியைக் கேட்டது இவரேதான். உறையூரில் இரண்டு வருஷமாக நின்றிருக்கிறார், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு மற்றது உறைத்தது. பிரஷர் வருவதற்கு முன்னால் என் கை உப்புக் கைதான், மாமியார் காலத்திலிருந்து கேட்ட பேச்சு அது. அழகி என்று சொல்ல முடியாதாமே. அந்தக் கோபம் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, இந்த மனுஷன் மூன்று மாதமாகத் துண்டு நனைய நனைய அழுதது யாருக்காக என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது குடோனில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் பஃபே தட்டைப் பற்றி வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை நின்றுவிட்டது என்று நான் சொல்லவேயில்லை. வாசப்படிக்கு உள்ளே நடக்கிறது, அவ்வளவுதான். அது முடிந்து இவர் முளைவிட்ட தலையைத் தடவிக்கொண்டே சாப்பிட வந்து உட்கார்ந்தார். கத்தி கேட்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டுதான் வந்தார்.

"குதிரை பேருகூட மறந்துபோச்சு மரகதம். கெர்லிந்தா முகமும் போயிடுச்சு. நினைச்சுப் பாத்தா உன் முகம்தான் குறுக்க வந்து நிக்குது. பாவம் அவ."

"பாவம்தான்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டரை ஒரு நாளைக்கு மறந்துவிட்டு, பழைய கையால் உப்பை அள்ளிப் போட்டு இறக்கினேன்.

ஒரு வாய் சாப்பிட்டதும் நிறுத்திவிட்டார். இன்னொரு வாய் எடுத்து மெதுவாக விழுங்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

"இது யாரோட கைப்பக்குவம்னு சொன்னா நீ கோவிச்சுக்கக் கூடாது," என்றார் தயங்கித் தயங்கி.

"கோவிச்சுக்கலை, சொல்லுங்க," என்று ரசப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.